எடுத்தவர் கண்ணும் பார்ப்பவர் கண்ணும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிஞர்கள் நிறைந்த அவையில் கேமராவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலருக்குத் தோன்றலாம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் கேமராவுக்குச் சற்று அப்பாற்பட்டது. ஒருவர் தாம் படைத்ததைப் பிறர் முன் வைத்து, அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, மறுநாள் மீண்டும் படைக்கப் புறப்படும் பழக்கத்தைப் பற்றியது. கவிதைக்கும் தெரு ஒளிப்படத்துக்கும் அது பொதுவான பயிற்சி.

இப்பயிற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதையையும் தருகிறார். தொல்காப்பியர்மீது சினம் கொண்டிருந்த அகத்தியர், அந்நூலைக் கேட்கலாகாது என்று அதங்கோட்டாசானுக்குச் சொல்லிவிட்டார். தொல்காப்பியரோ கேட்டருள வேண்டும் என்று வேண்டி நின்றார். இருவருக்கும் இடையில் அகப்பட்ட ஆசான், கேட்பது, கேட்கும்போதே குற்றமும் கூறுவது என்று ஒரு வழி கண்டார். அவர் கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொன்னார். இது வரலாறா, கதையா என்பது வேறு ஆராய்ச்சி. நூல் செய்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் நூல் நிறைவு பெறாது, குற்றம் காணும் ஒருவரும் எதிரே அமர வேண்டும் என்ற எண்ணம் இக்கதையில் தெளிவாக இருக்கிறது.

ஒளிப்படக் கலை சென்னைக்கு வந்தபோது அதனுடன் இந்த வழக்கமும் கூடவே வந்தது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. 1855இல் சென்னையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி தாம் எடுத்த கோயிற்படங்களை வைத்தார். நடுவர் குழு அவற்றைப் பாராட்டியது. பம்பாயில் 1854இலும், கல்கத்தாவில் 1856இலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹன்டரின் முயற்சியால் சென்னையிலும் ஒரு சங்கம் உருவாயிற்று. படம் எடுப்பவர் கூடிப் பேச ஓர் அவை வேண்டும் என்பதை இந்நகரம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

அக்காலப் படங்களில் ஒரு குறை உண்டு. 1858இல் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்களில் கோபுரமும் மண்டபமும் கல் கல்லாகத் தெரிகின்றன. ஆனால் நடமாடும் மனிதரைக் காண்பது அரிது. காகிதத்தில் பதிவாகும் அந்த முறைக்கு நீண்ட நேரம் ஒளி வேண்டும். அந்த நேரத்தில் நடந்து சென்றவர் படத்தில் ஒரு சுவடும் வைக்காமல் மறைந்துபோனார். தெரு இருந்தது, தெருவில் வாழ்ந்தவர் இல்லை. 1925இல் லைக்கா போன்ற கைக்கடக்கமான கேமராக்கள் விற்பனைக்கு வந்தபின்தான் நடப்பவரை நடக்கும்போதே பிடிக்கும் கலை பரவலாயிற்று. ஏற்பாடு செய்யாமல், நிற்கச் சொல்லாமல், பொது இடத்தில் தானாக நிகழும் வாழ்வின் ஒரு நொடியை எடுப்பதையே தெரு ஒளிப்படம் என்கிறோம்.

இன்று சென்னையில் இக்கலையைக் கற்பவர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் கற்பதில்லை. சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் வார இறுதிகளில் கூடி நடக்கின்றன. மயிலையிலோ தியாகராய நகரிலோ நடந்து படம் எடுத்து, பின் ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துப் பேசுகின்றனர். பாடம் நடப்பது அந்தப் பேச்சில்தான்.

அப்பாடம் எத்தகையது? மயிலாப்பூரிலிருந்து தொடங்கலாம்.

புதிதாகக் கற்கும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்வோம். மாலை வேளையில் அவர் கபாலீசுவரர் கோயிலின் கீழைக் கோபுரத்தின் எதிரே நிற்கிறார். மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. மேற்கு வானம் சிவந்திருக்க, கோபுரம் அதன்முன் கறுத்து எழுந்து நிற்கிறது. கீழே ஒரு பூக்காரப் பெண்மணி குண்டு பல்பின் வெளிச்சத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறார். இளைஞர் அரைமணி நேரம் காத்திருந்து ஒரு படம் எடுக்கிறார். இதுவரை எடுத்தவற்றில் இதுவே சிறந்தது என்று அவருக்குத் தோன்றுகிறது.

படத்தைக் குழுவில் வைக்கிறார். ஒருவர், கண் நேராகக் கோபுரத்துக்குப் போய்விடுகிறது, அந்த அம்மாள் கோபுரத்துக்குக் கீழே வைத்த ஒரு பொருளைப்போல இருக்கிறார் என்கிறார். இன்னொருவர், இந்தக் கோபுரம் யார் எடுத்தாலும் அழகாகவே இருக்கும், இதில் படத்தின் அழகு எது என்று கேட்கிறார். இளைஞர் மனம் வருந்தி விளக்கம் சொல்லத் தொடங்குகிறார். மழை விட்ட ஈரத்தையும், பூவின் மணத்தையும், தாம் காத்திருந்த அரைமணியையும், அந்த அம்மாள் தம்மைப் பார்த்துச் சிரித்ததையும் சொல்கிறார். அவர் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அவற்றில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

இந்த உரை சொல்ல வந்த முதன்மையான செய்தி இதுவே. படம் எடுத்தவர் படத்தைப் பார்க்கும்போது தம் நினைவையும் சேர்த்தே பார்க்கிறார். நினைவு எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்பதை அவரால் தனியே பிரித்தறிய முடிவதில்லை. மற்றவர்க்கு அந்த நினைவு கிடையாது. நான்கு ஓரங்களுக்குள் இருப்பது மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கிறது. அவர்கள் தரும் முதற்கொடை அந்த அறியாமைதான். கவிதைக்கும் இது பொருந்தும். எழுதியவர் நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கும் துயரம் எழுதிய சொல்லில் ஏறியிருக்கிறதா என்பதை அவரைத் தவிர வேறொருவர்தான் சொல்ல முடியும்.

காரி வினோகிராண்ட் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்தவர். எடுத்த ஃபிலிமை அவர் உடனே கழுவுவதில்லை. ஓராண்டும் அதற்கு மேலும் காத்திருப்பார். எடுத்தபோது இருந்த மகிழ்ச்சி அடங்கியபின் பார்த்தால்தான் நல்லதைத் தெரிந்தெடுக்க முடியும் என்பது அவர் எண்ணம். காலத்தைக் கொண்டு தம்மைத் தாமே அயலாராக்கிக்கொள்ளும் முறை அது. நண்பர் குழு உள்ளவர்க்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. அயலார் அடுத்த நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார்.

மயிலையில் கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பங்குனிப் பெருவிழாவில், ஏழாம் நாள் தேரன்றும் எட்டாம் நாள் அறுபத்துமூவர் அன்றும், மாட வீதிகளில் பக்தரோடு கேமராக்களும் திரள்கின்றன. ஒரே மாடியிலிருந்து பலர் ஒரே படத்தை எடுக்கின்றனர். குழுவில் அத்தகைய படம் வரும்போது நல்ல திறனாய்வாளர் தொல்காப்பியத்திடம் கடன் வாங்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். கோபுரம், தேர், பூக்கூடை, குளத்துப் படி ஆகியவை கருப்பொருள். இவை இரண்டும் எல்லார் படத்திலும் நிறைந்து வழிகின்றன. உரிப்பொருள் எங்கே? அந்தக் கூட்டத்தில் யாருக்கும் யாருக்கும் இடையில் என்ன நடந்தது? தந்தையின் தோளில் அமர்ந்த குழந்தை தேரைப் பார்க்காமல் பின்னால் திரும்பி எதைப் பார்க்கிறது? இக்கேள்வியை ஒருமுறை கேட்டவர், அடுத்த ஆண்டு அறுபத்துமூவர் அன்று மாடியை விட்டு இறங்கிவிடுவார்.

மயிலையில் அழகு மிகுதி. தியாகராய நகரில் மனிதர் மிகுதி. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலை வரை நீளும் ரங்கநாதன் தெருவில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் படம் எடுப்பது தனிப் பயிற்சி. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் இருப்பதால் வெயில் தரையைத் தொடும் நேரம் குறைவு. எந்தப் பக்கம் திருப்பினாலும் தலைகள், பைகள், தள்ளுபடிப் பலகைகள். புதியவர் எடுத்த படத்தில் எல்லாம் இருக்கும், எதுவும் இராது.

இங்கே திறனாய்வு வேறு திசையில் போக வேண்டும். எதைச் சேர்த்தோம் என்பதைவிட எதை விட்டோம் என்று பார்க்க வேண்டும். படத்தின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிக் காட்டி, இங்கே பாதி வெட்டுண்ட கை எதற்கு, அங்கே துருத்திக்கொண்டிருக்கும் பை எதற்கு என்று கேட்பது நல்ல பழக்கம். கவிதையில் அடி எங்கே முடிகிறது என்பது எவ்வளவு முக்கியமோ, படத்தில் ஓரம் எங்கே விழுகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படங்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். இளமையில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர் அவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தவர் என்ற வகையில் தமிழ்நாட்டுக்கும் அறிமுகமானவர். தலைகீழாகத் திருப்பினால் முகமும் கதையும் மறைந்து, வெளிச்சமும் இருளும் கோடுகளும் மட்டும் நிற்கும். அவை ஒன்றையொன்று தாங்கி நின்றால் படம் நிற்கும்.

2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டு நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டன. ரங்கநாதன் தெருவில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு செல்லும் அதே மக்கள் இங்கே இடைவெளி விட்டு நடக்கின்றனர், இருக்கைகளில் அமர்கின்றனர். கூட்டத்தில் எடுக்கத் திணறியவரை அங்கே அனுப்பி, ஒரே ஒரு மனிதரையும் அவரைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் எடுத்து வரச் சொல்வது குழுக்களில் நல்ல பயிற்சியாகும். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டபின் உயரத்திலிருந்து எடுக்கும் ஆசையும் கூடியிருக்கிறது. உயரம் எளிதாக அழகு தரும். ஆனால் மேலிருந்து பார்த்தால் யார் முகமும் தெரிவதில்லை.

தெரிந்தெடுப்பது எவ்வளவு கடுமையானது என்பதற்கு ராபர்ட் ஃபிராங்க் சான்று. 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவைச் சுற்றி அவர் எடுத்தவை ஏறத்தாழ 27,000 படங்கள். 1958இல் பாரிஸில் வெளிவந்த நூலில் இடம்பெற்றவை 83. முந்நூறுக்கு மேல் எடுத்ததில் ஒன்று என்ற கணக்கு. ஒரு நாளில் நூறு படம் எடுத்து முப்பதைக் குழுவில் வைப்பவர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே போட்டிக்கும் திறனாய்வுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சலோன் எனப்படும் ஒளிப்படப் போட்டிகளில் நடுவர்கள் ஒரு படத்தைச் சில நொடிகள் பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். அதனால் பட்டமும் பதக்கமும் கிடைக்கும், ஊக்கமும் பிறக்கும். ஆனால் எண் எதையும் விளக்குவதில்லை. எங்கே கண் தங்கியது, எங்கே வழுக்கியது, எது புரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு மனிதர் வாய் திறக்க வேண்டும். அருமை, அற்புதம் என்பனவும் ஒருவகை மதிப்பெண்ணே. நல்ல வழக்கம் ஒன்று உண்டு. படத்தை வைத்தவர் முதலில் பேசலாகாது. பார்ப்பவர் தாம் காண்பதை மட்டும் சொல்ல வேண்டும். விருப்பு வெறுப்பு பிறகு. காண்பதைச் சொல்லும்போதே பாதித் திறனாய்வு முடிந்துவிடும்.

குழுவுக்கும் ஒரு நோய் உண்டு. ஓராண்டு சேர்ந்து நடந்தவர்கள் ஒரேமாதிரி எடுக்கத் தொடங்கிவிடுகின்றனர். குழுவில் எது பாராட்டுப் பெறும் என்பது தெரிந்துவிட்டால் கண் அதைத்தான் தேடும். எலியட்ஸ் கடற்கரையில் காலை வெயில் கடலிலிருந்து எழும்போது எதிரே வருவோரெல்லாம் கறுப்பு உருவங்களாகத் தெரிவர். ஒருவர் அதை எடுத்துப் பாராட்டுப் பெற்றால் அடுத்த மாதம் பத்துக் கறுப்பு உருவங்கள் வந்து சேரும். இலக்கிய வட்டங்களுக்கும் இந்த நோய் அறிமுகமானதே. ஒருவர் கவிதையில் வெற்றி பெற்ற உத்தி மறு இதழில் எல்லார் கவிதையிலும் தலைகாட்டுவதைப் பத்தாண்டுக் காலம் கூடிப் பழகியவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் சொல்வதோடு திறனாய்வாளர் கடமை முடிவதில்லை. இந்த ஒருவரால் மட்டுமே காணக்கூடியது எது என்று தேடிப் பார்த்து, அதை அவருக்கே காட்டவும் வேண்டும்.

இதுவரை சொன்னதில் இருவர் இருந்தனர். எடுத்தவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர். மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். படத்தில் இருப்பவர். அவருக்கு அந்த அவையில் நாற்காலி இல்லை.

அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குப் போனால் இது விளங்கும். கரையில் படகு, வலை, மீன் உலர்த்தும் பெண்கள், மணலில் விளையாடும் பிள்ளைகள். கேமரா வைத்திருப்பவர்க்கு நெய்தல் நிலம் முழுவதும் விருந்து. ஆனால் அது ஒரு வீட்டின் வாசல். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துக் கரையோர வீடுகளை மூழ்கடித்தபோது, உடைமை இழந்து நின்றவர்களின் முகங்கள் எத்தனையோ கேமராக்களில் பதிந்தன. அவற்றுட் சில உலகுக்குச் செய்தி சொன்னவை, உதவி கொண்டுவந்தவை. சில வெறும் அழகுக்காக எடுக்கப்பட்டவை. இரண்டையும் பிரிப்பதற்கு அளவுகோல் கேமராவில் கிடையாது. குழுவின் பேச்சில்தான் அது உருவாக வேண்டும். இந்த அம்மாள் நம் வீட்டுச் சித்தியாக இருந்தால் இப்படத்தைச் சுவரில் மாட்டுவோமா என்ற கேள்வி, ஒளியமைப்பைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வர வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. பொது இடத்தில் இருக்கிறார் என்பதனாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. தெருவில் எல்லாரும் பார்க்கும்படிதானே நிற்கிறார் என்று சொல்லும் படக்காரர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாமவருக்கு நாற்காலி போடும் முயற்சிகளும் நடக்கின்றன. 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, சபாக்களில் ஒலித்த இசையைக் குப்பத்துக்குக் கொண்டுசென்றது. 2016இல் முதன்முறையாக நடந்த சென்னை ஃபோட்டோ பினாலே ஒளிப்படங்களைக் கலைக்கூடத்துக்கு வெளியே பொது இடங்களிலும் வைத்தது. மதுரையில் மீன் விற்று வாழ்ந்த குடும்பத்தில் பிறந்து, துப்புரவுத் தொழிலாளர் வாழ்வைப் படமாக்கி, 2022இல் தயாநிதா சிங்–பாரி விருது பெற்ற எம். பழனிகுமார், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்பித்தும் வருகிறார். படத்தில் மட்டும் இருந்தவர்கள் படம் எடுக்கவும், எடுத்த படத்தைப் பற்றிப் பேசவும் வரும்போது அவையின் கேள்விகளே மாறிப்போகும். எது அழகு என்பதற்கு முன்னால் எது உண்மை என்று கேட்பார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருந்த விவியன் மேயர் என்ற பெண்மணி, நூறாயிரத்துக்கும் மேற்பட்ட தெருப் படங்களை எடுத்தார். யாரிடமும் காட்டி விமரிசனம் கேட்டவரல்லர். 2007இல் அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தபின்தான் உலகம் அவற்றைக் கண்டது. 2009இல் அவர் மறைந்தார். அவர் படங்கள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. அவ்வாறெனில் அவை எதற்கு, திறனாய்வு எதற்கு? இதற்கு விடை எளிதன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். இன்று நாம் காணும் மேயரின் படங்களைத் தெரிந்தெடுத்தவர் மேயர் அல்லர். வினோகிராண்ட் 1984இல் மறைந்தபோதும் கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் ஏறத்தாழ 2,500 எஞ்சியிருந்தன. அவற்றையும் பிறரே பார்த்துத் தெரிந்தெடுத்தனர். காட்டினால் பிறர் குற்றம் சொல்வர், அதற்கு நாம் விடை சொல்லலாம். காட்டாமற் போனால் பிறர் தெரிந்தெடுப்பர், அப்போது விடை சொல்ல நாம் இருக்கமாட்டோம்.

மயிலாப்பூர் இளைஞரிடம் மீண்டும் வருவோம். குழுவில் கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் மறு வாரமும் அதே இடத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இம்முறை கோபுரத்தைத் தம் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, பூக்காரப் பெண்மணியை நோக்கி நிற்கிறார். எடுப்பதற்கு முன் அவரிடம் பேசுகிறார். சென்ற வாரப் படத்தை அச்சிட்டு எடுத்துவந்து அவர் கையில் தருகிறார். அவர் படத்தைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கோபுரத்தைப் பற்றியோ சிவந்த வானத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. கூடையைக் காட்டி, மல்லி எல்லாம் விரிந்துபோயிருக்கிறதே தம்பி, அன்றைக்கு மழையில் வியாபாரமே இல்லை, இதைப் போய் எடுத்திருக்கிறாயே என்கிறார்.

மொட்டாகப் போக வேண்டிய பூ விரிந்து கிடந்தால் விற்காமல் தங்கியது என்று பொருள். குழுவில் அமர்ந்து படத்தைப் பார்த்த ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை. படத்தின் உரிப்பொருள் கூடையிலேயே இருந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் தெருவில் அமர்ந்திருந்தார்.

பத்தாண்டு நிறைவு செய்திருக்கும் இவ்வட்டத்தின் கூட்டங்களில் கவிதைகளைப் படித்தவரும் கேட்டவரும் நிறைய உண்டு. அக்கவிதைகளில் இடம்பெற்ற மனிதர்களுக்கும் அடுத்த கூட்டத்தில் ஓரிரு நாற்காலிகள் ஒதுக்கப்படுமாயின், அவர்கள் கூறும் குற்றங்களுக்கு விடை சொல்ல இங்குள்ள கவிஞர்கள் அணியமாக இருக்க வேண்டும்.